ஊன்றுகோலில் இருக்கும்போது தவழும் குழந்தையை எப்படிக் கவனித்துக்கொள்வது?

கேள்வி: எனக்கு வயது 33. மூன்று வாரங்களுக்கு முன் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது விழுந்து, வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், அக்குளில் வைக்கும் ஊன்றுகோல்கள் இரண்டின் துணையோடு நடமாடுகிறேன். பத்து மாதப் பெண் குழந்தை தவழ்கிறாள். இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். மகனுக்கு ஐந்து வயது. கணவர் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார். மாமியார் மதியம் வரை உடன் இருப்பார். அதன் பிறகு நான் மட்டும்தான். குழந்தையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு நடக்கலாமா? சில நாட்களாக வலது கைவிரல்கள் மரத்துப்போகின்றன, அது எதனால்? மதியத்துக்குள் உடம்பு அடித்துப்போட்டாற்போல் ஆகிவிடுகிறது. ‘உட்கார்ந்துதானே இருக்கிறாய்’ என்கிறார் கணவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் மிதித்துச் சறுக்கியது மகனின் பொம்மைக் கார். வீட்டில் ஒருவர் கோபத்தில் ‘உன்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று’ என்று அவனிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் என் ஊன்றுகோல்களை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறான். நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பும் திரும்பிவிட்டது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் அளிப்பவர்: இயன்முறை மருத்துவர்

அன்புள்ள வாசகிக்கு,

குழந்தையைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், விரல்கள் மரத்துப்போவதைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். அது தள்ளிப்போடக்கூடிய விஷயம் அன்று. ஊன்றுகோலின் மேல்முனையில் உள்ள மெத்தைப் பகுதி அக்குளுக்குள் பதிந்து, உடலின் எடை அதன்மீது தொங்கும்போது, அக்குள் வழியாகக் கைக்குச் செல்லும் நரம்புகள் நசுங்குகின்றன. தொடக்கத்தில் விரல்களில் மரமரப்பு மட்டுமே தெரியும்; அதைப் பொருட்படுத்தாமல் விட்டால், மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும் நிலைவரை அது போகலாம். அழுத்தத்தை நீக்கினால் நரம்பு பெரும்பாலும் தேறிவிடும் என்றாலும், அதற்கு வாரங்களோ மாதங்களோ பிடிக்கக்கூடும்.

ஆகவே இன்றைக்கே உங்கள் கணவரையோ மாமியாரையோ அருகில் வைத்துக்கொண்டு ஊன்றுகோலின் உயரத்தைச் சரிபாருங்கள். நல்ல காலில் காலணி அணிந்து, தோள்களைத் தளர்த்தி நிமிர்ந்து நின்று, ஊன்றுகோலின் அடிமுனையைப் பாதத்துக்குச் சற்று முன்னும் பக்கவாட்டிலுமாக 15 செ.மீ. அளவு தள்ளி வைக்கும்போது, மேல்மெத்தைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு வருகிற உயரத்தில் இருக்க வேண்டும். அதைப் பிடித்து நிற்கையில் முழங்கை 20 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். நடக்கும்போது எடையை உள்ளங்கைகள் தாங்க வேண்டும். மேல்மெத்தை விலாவோடு அணைந்திருப்பதற்குத்தானே தவிர, அதில் தொங்குவதற்கு அன்று. உயரம் சரியாக இருந்தும், களைப்பு மிகுந்தவுடன் நாம் அறியாமலேயே அதில் தொங்கத் தொடங்குகிறோம். உங்களுக்கு நடந்தது அதுவாகவே இருக்கலாம். சரிசெய்த பிறகும் இரண்டு மூன்று நாட்களில் மரமரப்பு குறையவில்லை என்றாலோ, மணிக்கட்டிலும் பெருவிரலிலும் பலம் குறைந்தது போலத் தோன்றினாலோ, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கைக்குக் கீழே வளையம் பொருந்தும் ஊன்றுகோலுக்கு மாறலாமா என்றும் அப்போது கேட்டுக்கொள்ளலாம். அதில் அக்குள் அழுத்தப்படுவதற்கு வழியில்லை. அடிமுனையில் உள்ள ரப்பரையும் திருப்பிப் பாருங்கள்: அதன் வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் புதிது மாற்ற வேண்டும்.

அடுத்து, துணியால் கட்டிக்கொண்டு நடப்பது. வேண்டாம் என்பதே என் பதில். இதில் ‘கவனமாக இருந்தால் செய்யலாம்’ என்ற இடைவழியை நான் தரப்போவதில்லை. ஒற்றைக் காலில் ஊன்றுகோலோடு நகரும்போது, ஒவ்வோர் அடியிலும் உடல் முன்னோக்கிச் சாய்ந்து, ஒரு கணம் இரண்டு கைகளின் பலத்தில் மட்டுமே நிற்கிறது. மார்பில் எட்டு ஒன்பது கிலோ எடை சேர்ந்தால் அந்தச் சாய்வு இன்னும் முன்னே தள்ளப்படுகிறது. உங்கள் பாதமும் அதற்கு முன்னால் உள்ள தரையும் குழந்தையின் தலைக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. பத்து மாதக் குழந்தை பொதிபோல் அசையாமலும் இருக்காது. எதையாவது பார்த்து ஒரு பக்கமாகத் திமிறும். நீங்கள் விழ நேர்ந்தால் இரண்டு கைகளும் ஊன்றுகோலில் மாட்டியிருக்கும். குழந்தையைக் காக்க ஒரு கையும் மிஞ்சாது. உங்கள் எடை முழுவதும் அவள்மீதே இறங்கும். முதுகில் கட்டுவதும் இதற்கு மாற்றாகாது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஒரே ஊன்றுகோல் என்று ‘நாலு அடிதானே’ நகர்வதுதான் வீடுகளில் அதிகம் நடப்பது, அதுவும் கூடாது.

அப்படியானால் குழந்தையை எப்படித்தான் பார்த்துக்கொள்வது? முன்பு நின்று நடந்து செய்த வேலைகளையெல்லாம் இப்போது ஊன்றுகோலோடு செய்ய முயல்வதில்தான் பெரும்பாலான தாய்மார்களின் சக்தி கரைகிறது. மீதமுள்ள மூன்று வாரங்களுக்கு நீங்கள் குழந்தையிடம் போகும் ஏற்பாட்டை விட்டு, குழந்தை உங்களிடம் வரும் ஏற்பாட்டுக்கு வீட்டை மாற்றுங்கள். ஊன்றுகோலில் திறமையாக நடக்கப் பழகுவதைவிட, நடக்க வேண்டிய தேவையைக் குறைப்பதே உங்களுக்கு முக்கியம். உங்கள் மகள் தவழ்கிறாள் என்பதை ஒரு தொல்லையாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது உங்களுக்குச் சாதகம். தவழாத மூன்று மாதக் குழந்தையாக இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் தூக்கித்தான் ஆக வேண்டியிருக்கும்.

ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். கழிப்பறைக்கு அருகில், படி ஏறாமல் போகக்கூடிய அறையாக அது இருக்கட்டும். தரையில் கெட்டியான மெத்தை ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வாசலில் குழந்தை திறக்க முடியாத தடுப்பு ஒன்றை வையுங்கள். அந்தத் தடுப்பு நீங்கள் நின்றபடி ஒரு கையால் திறந்து மூடக்கூடியதாக இருக்க வேண்டும். தாண்டிப் போக வேண்டிய தடுப்பு உங்களுக்கு ஆகாது. பிறகு, நீங்கள் ஐந்து நிமிடம் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்வரை குழந்தை அங்கே தனியாக இருந்தாலும் கேடு வராதபடி அறையைச் சோதியுங்கள்: கவிழக்கூடிய அலமாரி, தொங்கும் மின்கம்பி, திரைச்சீலைக் கயிறு, மூடாத பிளக் துளை, வாயில் போடத்தக்க சிறு பொருள் எதுவும் மிஞ்சக் கூடாது. இதை உங்கள் கணவர் ஒரு விடுமுறை நாளில், தரையில் குழந்தையின் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தபடி செய்யட்டும். நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பாதி ஆபத்துகள் படுவதில்லை. இந்த அறை இருந்தால், எழும் முன் குழந்தையைத் தூக்கித் தொட்டிலில் போட வேண்டிய கட்டாயம் நீங்கிவிடும்.

தரையில் உட்காருவதும் எழுவதும்தான் இதில் கடினமான பகுதி என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நகராத சோஃபா அல்லது கட்டில் ஒன்றும், 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள, வழுக்காத தாழ்வான முக்காலி ஒன்றும் வேண்டும். சோஃபாவின் விளிம்பில் உட்கார்ந்து, ஊன்றுகோல்களைக் கை எட்டும் தூரத்தில் படுக்கவையுங்கள். அடிபட்ட காலை முன்னே நீட்டித் தரையில் படாமல் வைத்துக்கொண்டு, நல்ல காலை மடித்துப் பாதத்தை நன்றாக ஊன்றுங்கள். இரு கைகளாலும் விளிம்பை அழுத்தி உடலை முக்காலிக்கு இறக்கி, அங்கே ஒரு மூச்சு நின்று, பிறகு தரைக்கு இறங்குங்கள். எழும்போது இதே வரிசை தலைகீழாகும்: முதுகைச் சோஃபாவுக்குக் காட்டி உட்கார்ந்து, நல்ல காலை மடித்து ஊன்றி, கைகளால் பின்னால் அழுத்தி முதலில் முக்காலிக்கு, அடுத்துச் சோஃபாவுக்கு. அவசரத்தில் முக்காலியைத் தவிர்த்து ஒரே மூச்சில் மேலே போக முயன்றால், தடுமாறும் அந்த நொடியில் அடிபட்ட கால் தானாகவே தரையில் ஊன்றிவிடும். முதல் சில முறைகள் இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்து பாருங்கள். உங்கள் இயன்முறை மருத்துவரிடம் ஒரு முறை செய்து காட்டிவிடுவது இன்னும் நல்லது. தோளிலோ மணிக்கட்டிலோ வலி வந்தாலும், மரத்துப்போன கை சரியாகும்வரையிலும், தரைக்கு இறங்க வேண்டாம். அதுவரை மாமியார் கிளம்பிய பிறகான மதிய நேரத்துக்கு வேறொரு பெரியவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மாமியார் புறப்படும் முன், குழந்தையோடு நீங்களும் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். டயபர், துடைக்கும் துணி, மாற்றுடை, தண்ணீர், மூடியிட்ட பாத்திரத்தில் இருவருக்குமான உணவு, அலைபேசி, அதன் சார்ஜர் ஆகியவை கை எட்டும் தூரத்தில், ஆனால் குழந்தைக்கு எட்டாத பெட்டியில் இருக்கட்டும். டயபர் மாற்றுவது, பால் கொடுப்பது, விளையாட்டு, தூக்கம் எல்லாமே அந்த மெத்தையில் நடந்துவிடும். அவள் உங்கள் மடிக்குத் தானே ஏறி வருவாள். உட்கார்ந்த நிலையில் அவளை அணைத்துத் தூக்குவதில் எந்தத் தடையும் இல்லை, மாவுக்கட்டின் மேல் அவள் ஏறி நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மடியில் இருப்பவளை இன்னோர் அறைக்குக் கொண்டுபோவதுதான் நடக்காது.

அதற்கும் ஒரு வழி உண்டு. வாசற்படிகள் குறுக்கிடாத வீடாக இருந்தால், கால் நீட்டி வைக்கும் பலகை உள்ள சக்கர நாற்காலி ஒன்றைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுங்கள். அதில் உட்கார்ந்து பிரேக் போட்ட பிறகு குழந்தையை ஒருவர் உங்கள் மடியில் வைத்து, நீங்கள் கேட்ட அதே துணியால் உங்களோடு சேர்த்துக் கட்டிவிட்டால், கைகள் இரண்டும் சக்கரத்துக்குக் கிடைக்கும். சக்கர நாற்காலி என்ற சொல்லைக் கேட்டதும் பலர் முகம் சுருங்குவதைப் பார்க்கிறேன். ஊன்றுகோல் தேறிவருவதன் அடையாளம், நாற்காலி முடங்கிப்போனதன் அடையாளம் என்று ஏனோ ஒரு எண்ணம் நிலைத்துவிட்டது. குழந்தையோடு இருப்பவருக்கு ஊன்றுகோலைவிட அது பல மடங்கு பாதுகாப்பானது. முழங்காலை மடித்து வைத்து உருட்டிச் செல்லும் வண்டியும் கணுக்கால் முறிவுக்கு உதவும். கைகளில் எடை ஏறாததால் உங்கள் விரல்களுக்கும் நல்லது. ஆனால் அதன் கூடையில் துணிமணியை வைக்கலாம், குழந்தையை வைக்கக் கூடாது. படியிலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அலுவலக நாற்காலி, குழந்தையின் தள்ளுவண்டி போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு நகர்வதை நினைக்கவே வேண்டாம். சாய்ந்த மறுகணம் அவை உருண்டுவிடும்.

குளியல் விஷயத்தில் நீங்கள் இறங்கி வரத்தான் வேண்டும். தண்ணீரில் இருக்கும் குழந்தையை ஒரு நொடியில் வாரித் தூக்க முடியாதவர் தனியாகக் குளிப்பாட்டக் கூடாது; கணவரோ மாமியாரோ இருக்கும் வேளைக்கு அதை மாற்றுங்கள், மற்ற நேரத்தில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். உங்கள் குளியலுக்கு வழுக்காத முக்காலியும் மாவுக்கட்டுக்கு நீர் புகாத உறையும் வேண்டும். உறைக்குள் ஈரம் போய்விட்டாலோ, உள்ளே அரிக்கிறது என்றாலோ, எதையும் நுழைத்துச் சொறியாமல் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். சமையலறையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, பாத்திரத்தைத் தூக்காமல் மேடைமீதே நகர்த்தி வேலை செய்யலாம். கொதிக்கும் எதையும் ஊன்றுகோலோடு ஏந்திச் செல்லக் கூடாது, அப்போது குழந்தை அந்தத் தரையில் இருக்கவும் கூடாது. பொருள்களை எடுத்துச் செல்ல முதுகுப்பையும், மூடி இறுகிய குடுவையும் கைகொடுக்கும். அலைபேசி எப்போதும் உங்கள் உடலோடு இருக்க வேண்டும். வேறோர் அறையில் விழுந்துகிடக்கும்போது மெத்தையில் இருக்கும் அலைபேசியால் பயனில்லை. மாற்றுச் சாவி ஒன்று அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

படியைப் பொறுத்தவரை, உங்கள் படுக்கை மாடியில் இருந்தால், ஆறு வாரம் முடியும்வரை அதைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே போகும், ஊன்றுகோலும் அடிபட்ட காலும் பின்னால் வரும்; இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில் கீழே போகும், நல்ல கால் பின்னால் வரும். கைப்பிடி இருந்தால் ஒரு கை அதைப் பற்றட்டும், ஊன்றுகோல்கள் மறு கையில் இருக்கட்டும். விழுந்த பயம் இன்னும் நீங்கவில்லை என்றால், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து ஏறி இறங்குங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மதியத்துக்குள் சோர்ந்துவிடுகிறேன் என்பதைக் கணவர் நம்ப மறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பத்தியை அவரே படிக்கட்டும். ஒரு காலை முற்றிலும் ஊன்றாமல் ஊன்றுகோலில் நடப்பதற்கு, அதே தூரத்தைச் சாதாரணமாக நடப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகிறது. நடப்பதற்கென்று அமையாத தோளும் கையும் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதோடு தாய்ப்பால் சுரப்பதற்கும், எலும்பும் காயமும் ஆறுவதற்கும் உடல் தனியே செலவழிக்கிறது. ஆகவே உட்கார்ந்திருப்பதாகத் தெரிவது உண்மையில் கடும் உழைப்புக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிதான். ‘ஓய்வெடு’ என்ற அறிவுரையால் யாருக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. அவர் காலையில் கிளம்பும் முன் அந்தப் பெட்டியை நிரப்பிவைப்பதும், பாதையில் கிடக்கும் விரிப்புகளையும் கம்பிகளையும் அகற்றுவதும், மகனைப் பள்ளியில் விட்டு அழைத்துவர ஆள் ஏற்பாடு செய்வதும், இரவில் அழும் குழந்தையை எடுத்துவந்து உங்களிடம் கொடுத்து, பால் குடித்ததும் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்கவைப்பதும்தான் ஓய்வைத் தரும். உதவட்டுமா என்று கேட்கும் உறவினரிடமும் ‘பரவாயில்லை’ என்று சொல்லாமல், எந்த நாளில் எந்த மணிக்கு என்ன வேலை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மகள் உங்களைவிட்டுப் பாட்டியிடம் ஒட்டிக்கொள்வாளோ என்ற கவலை இருந்தால் அதை விடுங்கள். குழந்தைக்கு வேண்டியது உங்கள் மடியும் முகமும் குரலும்தான், அவை அந்த மெத்தையில் உட்கார்ந்தபடியே கிடைக்கின்றன.

இரவைக் குறித்து இன்னொன்று. வலி மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. கோடீன், டிரமடால் ஆகிய இரண்டையும் தாய்ப்பால் கொடுப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. அம்மருந்து பால் வழியே சென்று குழந்தையின் மூச்சை மந்தப்படுத்தக்கூடும். பாராசிட்டமால் வழக்கமான அளவில் பாலூட்டுவோருக்கு ஏற்றதே. உங்கள் மருந்துச்சீட்டை மருத்துவரிடம் காட்டி, ‘இன்னும் பால் கொடுக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைக்கு பத்து மாதம் என்றால் பால் நிறுத்தியிருப்பீர்கள் என்று அவர் எண்ணியிருக்கலாம். தூக்கம் வரவழைக்கும் மருந்து எதை எடுத்தாலும், அந்த இரவுகளில் குழந்தை உங்களோடு ஒரே படுக்கையில் தூங்க வேண்டாம்.

மூன்றாவது வாரம் முடிந்து நான்காவது தொடங்கும் இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வலியும் வீக்கமும் குறைந்திருக்கும். ஊன்றினால் தாங்கும் போலத் தோன்றும். பிளேட்டும் ஸ்க்ரூவும் எலும்பின் முனைகளை நகராமல் பிடித்துவைக்கின்றன, அவ்வளவுதான். ஒட்டும் வேலையை எலும்பே செய்தாக வேண்டும், அது வாரக்கணக்கில் நடப்பது. அதற்குள் எடை திரும்பத் திரும்ப ஏறினால் ஸ்க்ரூ தளரலாம். உலோகமே களைத்து முறியவும் கூடும். வேண்டுமென்றே யாரும் காலை ஊன்றுவதில்லை. அடுத்த அறையில் குழந்தை வீறிடுகிறாள், தாய் துள்ளி எழுகிறாள், அடிபட்ட கால்தான் முதலில் தரையைத் தொடுகிறது. அழுகை கேட்டதும் முதலில் குரல் கொடுங்கள். ‘அம்மா வரேன்’ என்ற சத்தத்தைச் சற்று நீட்டியே சொல்லுங்கள். அதைச் சொல்லிக்கொண்டே ஊன்றுகோலை எடுத்த பிறகு எழுந்திருங்கள். நாளில் பல முறை, குறிப்பாகக் குழந்தை தூங்கும்போது, நீங்களும் படுத்துக் காலை இதயத்தைவிட உயரமாகத் தலையணைகள்மீது வையுங்கள். கால்விரல்களை அவ்வப்போது அசையுங்கள். காலைத் தொங்கவிட்டதும் அவை கருநீலமாகி, உயர்த்தியதும் நிறம் திரும்பினால் அது இயல்பே. உயர்த்திய பிறகும் கால்விரல்கள் மரத்தோ வெளிறியோ இருந்தாலும், கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலும் தாமதிக்கக் கூடாது. கெண்டைக்காலிலோ தொடையிலோ புதிதாக வலியும் வீக்கமும் சூடும் தோன்றினாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் இந்த ஆபத்து கூடும் என்பதால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இனி உங்கள் மகன். கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. ஐந்து வயதுக் குழந்தைகள், வீட்டில் நடக்கும் கெட்டதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று எண்ணுவது யாரும் சொல்லாமலேயே நிகழக்கூடியது. இவனிடமோ ஒரு பெரியவர் அதை வாய்விட்டே சொல்லிவிட்டார். ஊன்றுகோலை ஒளிப்பது குறும்பாக இருக்கலாம். ஆனால் படுக்கை நனைப்பும் சேர்ந்து திரும்பியிருப்பதால், அந்த இரண்டு கோல்களும் அவன் செய்த தவற்றை நாள் முழுவதும் அவன் கண்ணெதிரே காட்டிக்கொண்டிருக்கின்றன என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவை கண்ணில் படாவிட்டால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவனுக்கு இருக்கலாம்.

அவனிடம் பொய் சொல்ல வேண்டாம். பொம்மைக் கார் படியில் கிடந்தது அவனுக்குத் தெரியும். ‘அதனால் இல்லை’ என்றால் நம்பமாட்டான். அவன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அமைதியான வேளையில், ‘படியில் கார் கிடந்தது, அம்மா கீழே பார்க்கவில்லை, வழுக்கிவிட்டது. பொம்மையை எடுத்துவைக்க மறப்பது உன் வயதில் எல்லாருக்கும் நடக்கும். நீ அம்மாவை விழவைக்கவில்லை. டாக்டர் எலும்பைச் சேர்த்துவைத்துவிட்டார், அது ஒட்டிக்கொண்டிருக்கிறது’ என்ற அளவில் சொல்லுங்கள். ஒரே முறையில் இது தீராது; அவன் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் அதே பதிலை அதே நிதானத்தோடு சொல்லுங்கள். அன்று கோபத்தில் பேசியவர், அவர் யாராக இருந்தாலும், ‘நான் அப்படிச் சொன்னது தப்பு’ என்று அவனிடம் நேரில் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது எவ்வளவு இதமாக இருந்தாலும், குற்றம் சாட்டிய வாயே அதைத் திரும்பப் பெறும்போதுதான் அவனுக்கு அது இறங்கும். படுக்கை நனைந்தால் திட்டாமல், யாரிடமும் அதைப் பேசாமல் விரிப்பை மாற்றிவிடுங்கள். சில வாரங்களில் குறையவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள்.

ஊன்றுகோல் விளையாட்டுப் பொருள் இல்லை என்று அதட்டுவதைவிட, அதைப் பற்றிய பொறுப்பு ஒன்றை அவனிடமே கொடுப்பது பலிக்கும். தரையில் உங்கள் மெத்தையிலிருந்து கழிப்பறை வரை வண்ண ஒட்டுநாடாவால் இரண்டு கோடுகள் போட்டு, நடுவே 90 செ.மீ. அகலத்துக்கு ஒரு ‘சாலை’ அமைத்து, அதில் எந்தப் பொம்மையும் நிறுத்தப்படாமல் பார்க்கும் காவலராக அவனை வையுங்கள். ஊன்றுகோல் வைக்கும் இடத்தையும் அதே நாடாவால் குறித்து, நீங்கள் உட்கார்ந்ததும் அவற்றை அங்கே கொண்டுபோய் நிறுத்தும் வேலை அவனுடையது என்று சொல்லலாம். ஒளிக்கும் கைக்கு ஓர் இடம் கிடைத்துவிடும். அந்த இடம் உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். டயபர் எடுத்துத் தருவது, தங்கைக்குப் புத்தகம் காட்டுவது போன்றவையும் அவனால் முடிந்தவை. தங்கையைத் தூக்குவது, உங்களைத் தாங்கிப் பிடிப்பது, அவளைத் தனியாகக் கவனிப்பது ஆகியவற்றை அவனிடம் எப்போதும் ஒப்படைக்காதீர்கள். அதில் ஏதேனும் தவறினால் அவனது குற்ற உணர்வு இரண்டு மடங்காகும். அவன் ஓடினால் இப்போது உங்களால் துரத்த முடியாது என்பதால், இருவரையும் தனியாக வெளியே அழைத்துச் செல்லும் எண்ணத்தையும் ஆறு வாரத்துக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் மனநிலையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இருந்தாலும், பிரசவமான முதல் ஆண்டுக்குள் வந்த காயம் இது என்பதால் கேட்கிறேன்: இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் மனம் கனத்தே இருந்தால், குழந்தைகளிடம் பிடிப்பில்லாமல் போனால், காலைப் பற்றிச் சொல்வதைப் போலவே அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆறாவது வாரத்தில் எக்ஸ்ரே பார்த்த பிறகே அடுத்த கட்டம் முடிவாகும். எனவே மகனிடமும் தேதி குறித்து வாக்குக் கொடுக்காமல், ‘டாக்டர் புதுப் படம் எடுக்கும் வரை’ என்று சொல்லிவையுங்கள். அனுமதி கிடைத்தாலும் ஊன்றுகோலை அன்றே மூலையில் சாத்திவிட முடியாது. கெண்டைக்கால் சதை சூம்பியிருக்கும், கணுக்கால் விறைத்திருக்கும். முதலில் சில கிலோ எடை மட்டும், பிறகு கூடுதலாக என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். அந்தக் காலை எடைபார்க்கும் கருவியின்மீது வைத்து அழுத்தி, அனுமதித்த கிலோ எவ்வளவு அழுத்தம் என்பதைப் பழகிக்கொள்ளலாம். ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறும்போது அதை அடிபட்ட காலின் பக்கத்தில் பிடிக்கத்தான் தோன்றும்; உங்களுக்கு வலது கால் என்பதால் அது இடது கையில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் ஊன்றுகோல் இல்லாமல், நொண்டாமல் நடக்க முடிந்த பிறகே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதையும் சமதளத்தில், காலணியோடு, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது தொடங்குங்கள். படி கடைசியில் வரட்டும்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: எத்தனை கிலோ வரை ஊன்றலாம், எத்தனை நாளுக்கு ஒரு முறை கூட்டலாம், கணுக்காலை அசைக்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம், மாவுக்கட்டுக்குப் பதிலாகப் பூட் (கழற்றி மாட்டக்கூடிய கணுக்கால் உறை) கொடுத்தால் இரவில் அதைக் கழற்றலாமா என்பவை அதில் இருக்கட்டும். ‘இனி நடக்கலாம்’ என்று மருத்துவர் பொதுவாகச் சொன்னால், குழந்தையோடா, குழந்தை இல்லாமலா என்று திருப்பிக் கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், வீட்டில் ஒன்பது கிலோ எடை ஒன்று கைநீட்டிக் காத்திருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை.